கூப்பிட்டிருந்தீங்க, வந்துட்டனுங்க

அண்ணா,

நேற்று மாலை பெங்களூரில் என் மகள் வீட்டில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன். மேசைமேல் கிடந்த அவள் போன் டிங், டிங் என்று ஓயாமல் சத்தம் போட்டது. யாரோ அவசரமாகக் கூப்பிடுகிறார்கள், எடுத்துப் பார் என்றேன். அவள் சிரித்தாள். இந்த வாரக் கடைசியில் ஊருக்குள் நடக்கப்போகும் நிகழ்ச்சிகளின் பட்டியலாம். சனிக்கிழமை இரண்டு இடங்களில் காமெடி, ஒரு மைதானத்தில் பாட்டுக் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் ஒரு பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றபடியே சிரிக்கவைப்பானாம். அடியில் ஒரு வரி, உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம் என்று. இதே வரியை ஊரில் எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்கள், நீ கண்டுகொள்ளாதே என்றாள். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவராக இருந்தால் அந்நேரம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருப்பார்.

அப்பா ஞாபகம் வந்தால் பின்னாலேயே நீங்கள் வந்துவிடுகிறீர்கள். அதுதான் தொந்தரவு. அந்தப் பையன் தன் அப்பாவைப் பற்றித்தான் பேசுவானாம், வயிறு வலிக்கச் சிரிக்கலாமாம், போகலாமா அம்மா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் கடுப்பாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவள் முகம் சுருங்கிவிட்டது. 

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள், தங்கச்சி அழவே இல்லை பாருங்கள் என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அழுகை வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு கணக்கு மட்டும் முடியாமல் கிடக்கிறது. அப்பா இருந்தபோதும் சரி, அவர் போன பிறகும் சரி, என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அப்பா எம்பட பேச்சு ஏதாச்சும் எடுத்தாரா அம்மிணி?" இல்லீங்ண்ணா என்று நானும் ஒரே பதிலைச் சொன்னேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம். நீங்கள் என்றுதான் எழுதுகிறேன். கோபம் வந்தால் மரியாதையைக் குறைத்துக்கொள்ளும்படி அப்பா நம்மை வளர்க்கவில்லை. அந்த வளர்ப்பு உங்களிடம் எவ்வளவு நாள் தங்கியது என்பது வேறு விஷயம்.

உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் முதலிலிருந்தே சொல்கிறேன். நீங்கள் மேடையில் சொல்லிச் சொல்லி அப்பாவின் கதை உருமாறிவிட்டது. அதைத் திரும்ப நேராக நிமிர்த்தி வைக்க என்னைத் தவிர இப்போது ஆள் இல்லை.

பரமத்தி வேலூரில் எத்தனையோ வெற்றிலைக் கொடிக்கால்கள். அதில் நம்முடையது முக்கால் ஏக்கர். அப்பா வளர்த்த வெற்றிலை போகாத விசேஷம் சுற்றுவட்டாரத்தில் இல்லை. கல்யாணமோ காதுகுத்தோ, வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிடாவிட்டால் தலைமுறைக்கும் பகை. கூப்பிட்டுப் போகாவிட்டால் அதைவிடப் பெரிய பகை. இந்த வழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. அப்பாவிடம் அது ஒரு படி கூடுதலாகப் போய்விட்டது. கார்மேல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு, அன்பார்ந்த பெரியோர்களே தாய்மார்களே என்று வீதியில் கத்திக்கொண்டு போவார்களே, அதையும் அவர் அழைப்பு என்றே எடுத்துக்கொண்டார். நோட்டீஸின் அடியில் தங்கள் நல்வரவை அன்புடன் எதிர்பார்க்கும் விழாக் குழுவினர் என்று அச்சடித்திருந்தால், எங்கோ நான்கு பேர் தனக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பினார்.

கடிதம் குத்தி வைக்கும் கம்பியில் கல்யாணப் பத்திரிகைகளோடு அந்த நோட்டீஸ்களையும் குத்தி வைப்பார். நாமக்கல்லில் பட்டிமன்றம், கரூரில் மெல்லிசைக் கச்சேரி, சேலத்தில் மேஜிக் ஷோ என்று எதையும் விடமாட்டார். ஒரே நாளில் இரண்டு வந்தால் ஒன்றுக்கு அவர் போவார், இன்னொன்றுக்கு அம்மாவையும் என்னையும் அனுப்புவார். வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு கவுளி வெற்றிலையை, நூறு இலைகளை எண்ணி வாழைப்பட்டையில் கட்டித் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொள்வார். சேலத்தில் சர்க்கஸ் போட்டிருந்தபோது கூடாரத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் அந்தக் கட்டை நீட்டி, "கூப்பிட்டிருந்தீங்க, வந்துட்டனுங்க" என்று கும்பிட்டது உங்களுக்கும் எனக்கும் முன்னால்தான். அந்த ஆள் திருதிருவென்று விழித்தான். உள்ளே போக டிக்கெட் வாங்க வேண்டும் என்றதும் அப்பா முகம் சுளிக்கவில்லை. விசேஷத்துக்குப் போனால் மொய் வைப்பதில்லையா, அதுபோலத்தான் என்று நமக்குச் சமாதானம் சொன்னார். நாம் இருவரும் யானையையும் புலியையும் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாளே நீங்கள் அதை நடித்துக் காட்டினீர்கள். தோளை ஒரு பக்கம் இறக்கி, தொண்டையை இரண்டு முறை செருமி, அப்பாவின் குரலையே எடுத்துவிட்டீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து, ஏனுங்க, சந்தைக்குப் போகவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தது. நீங்கள் என்று தெரிந்ததும் கரண்டியால் ஒரு அடி போட்டுவிட்டு, தானும் சிரித்தது. அன்றைக்கு அதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டுக்குள் நடந்தது, வீட்டு ஆட்களே சிரித்தார்கள். கடைசியில் அப்பாவும் வந்து, நான் அப்படியா பேசுகிறேன் என்று கேட்டு, இன்னொரு தடவை பேசச் சொல்லி ரசித்தார்.

பிறகு நீங்கள் சேலத்து மெல்லிசைக் குழு ஒன்றில் சேர்ந்தீர்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே பாடகர்கள் தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் பலகுரல் பேச வேண்டும். சினிமா நடிகர்கள் மாதிரி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி, கைக்குழந்தை, லாரி ஆரன், எல்லாம் செய்தீர்கள். இந்தப் பக்கம் நடந்த உங்கள் கச்சேரி ஒவ்வொன்றுக்கும் அப்பா வெற்றிலைக் கட்டோடு வந்தார். கொடிக்காலைப் பார்த்துக்கொள்ளாமல் குரல் காட்டிப் பிழைக்கிறானே என்று பங்காளிகள் ஏசியபோது, நாலு பேரைச் சிரிக்கவைக்கிற வேலையில் என்ன குறை என்று அவர்தான் உங்களுக்காகப் பேசினார். அதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மறக்கவில்லை. ஞாபகம் இருந்தும் செய்தீர்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

மெட்ராஸ் போய் இரண்டு வருஷம் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அங்கே நடிகர்கள் குரல் பேசத் தெருவுக்கு நான்கு பேர் இருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் அம்மா போனது.

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தது. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, நீங்கள் வரட்டும் என்று எடுக்காமல் வைத்திருந்தோம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, தெருமுனையில் அந்தக் கார் திரும்பியது. இன்று மாலை நமது ஊர்ச் சந்தை மைதானத்தில் மாபெரும் இன்னிசை விருந்து, அனைவரும் வருக வருக என்று கத்திக்கொண்டே வந்தது. வாசலில் பந்தலைப் பார்த்ததும் மைக்கை அணைத்துவிட்டு மெதுவாக உருட்டிக்கொண்டு போகப் பார்த்தார்கள். அதுவரை சுவரோடு சாய்ந்து கிடந்த அப்பா எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நேராகக் காரிடம் போனார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன், சண்டை போடப் போகிறார் என்று. அவர் கைகூப்பினார். "எங்கூட்டு அம்மா போயிட்டாங்க. இன்னைக்கு வர்றதுக்கில்லீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." காருக்குள் இருந்தவன் பாவம், இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நடந்தது இவ்வளவுதான் அண்ணா. இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இதை உங்களிடம் சொன்னது நான். கருமாதி முடிந்து நாம் இருவரும் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உங்களுக்கும் வந்தது. அன்றைக்கு நீங்கள் என்னை இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். கார்க்காரன் என்ன கேட்டான், அப்பா துண்டை எப்படிக் கட்டியிருந்தார் என்றெல்லாம் துருவினீர்கள். அம்மாவின் கடைசி நாளைத் தவறவிட்ட மகன், ஒவ்வொன்றையும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளந்தி நான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே மெட்ராஸில் பெரிய சபா ஒன்றில் நடக்கும் நகைச்சுவை நிகழ்ச்சியின் நோட்டீஸ். உங்கள் பெயர் மற்றவர்களுடையதைவிட மேலே, பெரிய எழுத்தில் இருந்தது. நான் பெருமைப்படட்டும் என்று அனுப்பினீர்கள். என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்ததால், ஓடிப்போய் அப்பாவிடம் படித்துக்காட்டினேன். அடியில் இருந்த வரியையும் சேர்த்து, அனைவரும் வருக. அப்பா நோட்டீஸை வாங்கிக் கம்பியில் குத்தினார். எந்த வண்டிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டார். நீங்கள் அங்கே ஆறு மாதமாக என்ன பேசிக் கைத்தட்டு வாங்குகிறீர்கள் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தகவல் சொல்லலாம் என்றேன். கச்சேரி இருக்கும் நேரத்தில் பிள்ளையைத் தொந்தரவு செய்யக் கூடாது, நேராகப் போய்விடலாம் என்றார்.

சேலத்தில் ரயில் ஏறி விடியலில் சென்ட்ரலில் இறங்கினோம். பக்கத்துச் சத்திரத்தில் குளித்து, வெற்றிலைக் கட்டுக்கு மூன்று தடவை தண்ணீர் தெளித்து வாடாமல் காப்பாற்றி, சாயங்காலம் சபா வாசலுக்குப் போனோம். கதவருகே நின்றவரிடம் அப்பா கட்டை நீட்டினார். "கூப்பிட்டிருந்தீங்க, வந்துட்டனுங்க." அந்த ஆள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா பெரியவரே, அச்சு அசலா அவரு மாதிரியே பேசிக் காட்றீங்க" என்று உள்ளே இருந்த இன்னொருவரையும் கூப்பிட்டு அப்பாவைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்பாவும் ஒன்றும் புரியாமல் திரும்பச் சொன்னார்.  உள்ளே போனோம். போயிருக்கக் கூடாது.

திரை விலகியதும் நீங்கள் வந்தீர்கள். நான்கு முழ வேட்டி, தோளில் துண்டு, கையில் வாழைப்பட்டைக் கட்டு. நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கூட்டம் கத்தியது, கூப்பிட்டிருந்தீங்க, வந்துட்டனுங்க என்று. அப்பா என் பக்கம் திரும்பிச் சந்தோஷமாகத் தலையாட்டினார். சபைக்கு முதலில் வணக்கம் வைக்கிறான், பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். சர்க்கஸ் வாசல் வந்தது. பட்டிமன்ற நடுவருக்கு வெற்றிலை கொடுத்தது வந்தது. மாட்டைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுவது வந்தது. மெட்ராஸ்காரர்களுக்கு நம் பேச்சில் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு வரும் அந்த மரியாதையே சிரிப்பாக இருந்தது. ஒரு ங்க வந்தால் ஒரு சிரிப்பு.

இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆனது. நானும் சிரித்தேன் அண்ணா. அவ்வளவு தத்ரூபம். அந்தச் செருமல், அந்தத் தோள். பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதையே மறந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அப்பா மேடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிருந்து பார்த்தார் என்று தெரியவில்லை.

பிறகு நீங்கள் வாயாலேயே ஒப்பாரி வைத்தீர்கள். பறை அடித்தீர்கள். குழாய் கட்டிய கார் வரும் சத்தத்தைக் கொண்டுவந்தீர்கள். கூட்டம் ஏற்கெனவே சிரிக்கத் தயாராக இருந்தது. உங்கள் மேடை அப்பா கைகூப்பி, ஊட்டுல ஒரு சாவு ஆயிப் போச்சுங்க, இன்னைக்கு வர்றதுக்கில்லீங்க என்றார். யார் செத்துப்போனது என்று கார்க்காரன் கேட்டான். நீங்கள் நிறுத்தி, தொண்டையைச் செருமி, அந்தக் கடைசி வரியைப் போட்டீர்கள். "ஆருமில்லீங்க. நம்மூட்டுக்காரிதானுங்க." சபா இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது.

அந்த வரியை அப்பா சொல்லவே இல்லை. அந்தக் கார்க்காரன் அப்படிக் கேட்கவும் இல்லை. அதை நீங்களாக உண்டாக்கினீர்கள்.

முடிந்ததும் நான் அப்பாவை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் வரமாட்டேன் என்றார். கூப்பிட்டவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போகக் கூடாதாம். மேடைக்குப் பின்னால் போய் நிர்வாகி ஒருவரைக் கும்பிட்டு, ரொம்பச் சிறப்பாக நடத்தினீர்கள் என்று சொன்னார். அப்போதுதான் முகத்துப் பவுடரோடு நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கு எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. வேட்டி, துண்டு எல்லாம் அப்பா கட்டியிருந்த மாதிரியே. இரண்டு அப்பாக்கள் எதிரெதிராக நின்றார்கள். எப்ப வந்தீங்கப்பா என்று கேட்டீர்கள்.  அப்பா மெதுவாகச் சொன்னார். "உங்கம்மாவ ஆருமில்லைன்னு நானு சொல்லல சாமி."

அதுதான் அவர் உங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு. திட்டியிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்கள்.

அந்த வரியை எடுத்துவிட்டதாக எனக்குக் கடிதம் எழுதினீர்கள். எடுத்தீர்கள், இரண்டு மாதத்துக்கு. அது இல்லாமல் முடிவு சப்பென்று இருக்கிறது என்று கூட்டம் கேட்டதாம், மறுபடியும் சேர்த்துவிட்டீர்கள். அதை எங்களுக்கு நீங்கள் சொல்லவில்லை, உங்கள் நிகழ்ச்சியின் கேசட் சொன்னது. மாரியம்மன் பண்டிகைக்கு மைக் செட் போட்டவன் காலையில் அம்மன் பாட்டு முடிந்த கையோடு அந்தக் கேசட்டைப் போட்டான். நம் ஊர்க்காரரின் கேசட் என்று அவனுக்குப் பெருமை. அப்பா கொடிக்காலில் ஏணிமேல் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். அவர் குரல் ஊர் முழுக்கக் கேட்டது. அந்த வரியும் கேட்டது, அதற்குப் பிறகு வந்த சிரிப்பும் கேட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கவில்லை. கேசட் முடியும்வரை ஒரு கையில் கொடி படர்ந்த அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அவரைக் கண்டவர்கள் எல்லாம், என்ன, கூப்பிட்டிருந்தாங்களா என்று கேட்கத் தொடங்கினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சூழ்ந்துகொண்டு, ஒருக்கா அந்த மாதிரிப் பேசிக் காட்டுங்க என்று கெஞ்சினார்கள். அப்பா, தன்னைப் போலவே பேசிக் காட்ட வேண்டுமாம். சாப்பிடாமல் வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கல்யாணத்துக்கு வெற்றிலையை என்னிடம் கொடுத்தனுப்பினார். கார் கத்திக்கொண்டு போனால் தலையைத் தூக்குவதில்லை. கம்பியிலிருந்த நோட்டீஸ்களை உருவி வெந்நீர் அடுப்பில் போட்டார். பேச்சும் குறைந்தது. கடைக்குப் போனால் விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தால் யாராவது சிரித்துவிடுவார்களோ என்று ஒரு பெரிய மனுஷன் பயந்தார் அண்ணா. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தது நான்.

நீங்கள் வருஷத்துக்கு ஒரு முறை வருவீர்கள். அவர் கொடிக்காலுக்குப் போய்விடுவார். நீங்கள் என் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்பீர்கள். நான் ஒருமுறை கொதித்துப் போய்க் கேட்டுவிட்டேன், அந்த வரி இல்லாமல் உங்களுக்குச் சோறு இறங்காதா என்று. "ஐட்டம் சிரிப்புலதான் முடியோணும் அம்மிணி. அந்த எடத்துல உட்டா சனம் அழுதுரும்" என்றீர்கள். அழட்டுமே. நம் அம்மாவுக்காக நான்கு பேர் அழுதால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? இதை அன்றைக்குக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது கேட்டு என்ன பயன்?

இனி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், அப்பா படுப்பதற்கு முந்தின மாசி மாதம். மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு கொடிக்காலுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். திடீரென்று, உங்கண்ணன் நல்லாருக்கறானா என்று கேட்டார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. நன்றாக இருக்கிறார் என்றேன். அவன் எல்லோரைப் போலவும் பேசுகிறானே, உங்கம்மா மாதிரிப் பேசுவானா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அப்போது அவர் சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"ஒருக்கா வந்து பேசிக் காட்டச் சொல்லு சாமி. நானு கண்ண மூடிட்டுக் கேட்டுக்கறேன். எனக்கு அவங்க கொரலு மறந்துட்டே வருது."

எழுதுகிறேன் என்று சொன்னேன். தபால் ஆபீஸில் இன்லண்டு லெட்டர்கூட வாங்கிவிட்டேன். எழுதவில்லை. வாயடைத்துப்போன இந்த மனுஷனை வைத்துப் பேர் வாங்கினாரே அண்ணன், கேள்வி கேட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்று இருந்தது. கொஞ்ச நாள் காயட்டும், சித்திரையில் எழுதலாம் என்று நினைத்தேன். உங்களுக்குத் தண்டனை கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அதைச் செய்தேன். சித்திரையில் அப்பா படுத்துவிட்டார். படுக்கையிலிருந்து இரண்டு தடவை கேட்டார், அண்ணனுக்கு எழுதினாயா என்று. எழுதாததை எப்படிச் சொல்வது? எழுதிவிட்டேன், ஏதோ வேலையாம், வர முடியவில்லையாம் என்று சொன்னேன். அவர் சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது நாளில் போய்விட்டார்.

நீங்கள் வந்து கொள்ளி வைத்தீர்கள். ஈர வேட்டியோடு நின்று அதே கேள்வியை என்னிடம் கேட்டீர்கள். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போதே ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள்.  இல்லீங்ண்ணா, உங்க பேச்சே எடுக்கலை என்றேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக அதையே சொன்னேன். போன வருஷம் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தும் அதையே சொன்னேன்.

உங்கள்மேல் எனக்குள்ள கோபம் இன்னும் தீரவில்லை. அந்த வரியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் ஒரு வரியைத்தான் பொய்யாகச் சேர்த்தீர்கள், நானும் அப்பாவிடம் ஒன்றைச் சேர்த்துவிட்டேன். அழைத்தவர் வீட்டுக்குப் போகாமல் இருப்பதைவிடப் பெரிய குற்றம் அவர் கணக்கில் கிடையாது. பெற்ற மகன், தன் அம்மாவின் குரலுக்காகக் கூப்பிட்டும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே அவர் கண்ணை மூடினார். உங்களை யாரும் கூப்பிடவே இல்லை, அண்ணா.